உடம்புக்குள் மூன்று ஷிப்ட்!

நெய்வேலிக்கு உறக்கம் கிடையாது.

ஊர் தூங்கும். தெரு தூங்கும். வட்டம் வட்டமாகப் பிரித்துக் கட்டிய வீடுகளில் விளக்கு அணையும். ஆனால் சுரங்கம் தூங்காது. பெரிய சக்கரத்தில் வாளிகளைக் கோர்த்த ராட்சத எந்திரம் மண்ணை வாரிக்கொண்டே இருக்கும். ஓடும் பட்டையில் பழுப்பு நிலக்கரி போய்க்கொண்டே இருக்கும். ஒரு ஷிப்ட் வீடு திரும்பும். அடுத்த ஷிப்ட் வேலைக்கு ஏறும்.

இப்படி உறங்காத தொழிற்சாலை இன்னொன்று உண்டு. அது கடலூர் மாவட்டத்தில் மட்டும் இல்லை. எல்லா ஊரிலும் இருக்கிறது. எல்லா வீட்டிலும் இருக்கிறது.

அதுதான் நம் உடம்பு!

அதில் முதலாளி யார்? மேஸ்திரி யார்? உத்தரவு எப்படிப் போகிறது? உத்தரவு தவறினால் என்ன ஆகும்? இவற்றைத் தெரிந்துகொள்வது எல்லோருக்கும் நல்லது. இரவு ஷிப்ட் பார்க்கும் குடும்பங்களுக்கு மிகமிக நல்லது.

தண்ணீரை அடக்கிய கதை

முதலில் நெய்வேலியின் கதையைப் பார்ப்போம்.

1930-களில் ஜம்புலிங்க முதலியார் என்பவரின் நிலத்தில் கிணறு வெட்டினார்கள். தண்ணீரோடு கறுப்பான பொருளும் வந்தது. அதுதான் பழுப்பு நிலக்கரி. 1956-ல் நெய்வேலி நிறுவனம் தொடங்கப்பட்டது. 1957 மே மாதம் பிரதமர் நேரு சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். 1961-ல் நிலக்கரி கண்ணில் பட்டது. 1962-ல் மின்சாரம் பிறந்தது.

இடையில் ஒரு பெரிய தொல்லை இருந்தது. நிலக்கரிக்கு அடியில் தண்ணீர்! சும்மா கிடக்கும் தண்ணீர் அல்ல. மேலே முட்டித் தள்ளும் தண்ணீர். அதை அப்படியே விட்டால் சுரங்கத்தின் தரையையே பிளந்துகொண்டு வந்துவிடும்.

என்ன செய்தார்கள்? சுற்றிலும் ஆழ்குழாய்க் கிணறுகள் போட்டார்கள். பம்புகளை வைத்து இரவு பகலாக நீரை இறைத்தார்கள். இன்றும் இறைக்கிறார்கள். அழுத்தம் எவ்வளவு என்று அளந்து பார்ப்பது, அதற்கு ஏற்ப இறைப்பது. இதுதான் அந்த வேலையின் ரகசியம்.

உடம்பின் ரகசியமும் இதேதான். அளந்து பார். கூடினால் குறை. குறைந்தால் கூட்டு!

குழாய் இல்லாத சுரப்பிகள்

உடம்பில் பல சுரப்பிகள் உண்டு. வாயில் எச்சில் சுரக்கிறது. தோலில் வியர்வை சுரக்கிறது. இவற்றுக்குச் சின்னக் குழாய் உண்டு. அதன் வழியாக நீர் வெளியே வரும்.

வேறு சில சுரப்பிகளுக்குக் குழாய் கிடையாது. அவை சுரப்பது நேராக ரத்தத்தில் கலக்கிறது. அவற்றை நாளமில்லாச் சுரப்பிகள் என்பார்கள். அவை சுரக்கும் பொருளுக்கு ஹார்மோன் என்று பெயர்.

ஹார்மோன் என்பது ஓர் உத்தரவுக் கடிதம். ரத்தம்தான் தபால்காரர். கடிதம் உடம்பு முழுவதும் சுற்றும். ஆனால் உரிய விலாசத்தில் மட்டுமே அதைப் பிரித்துப் படிப்பார்கள்.

இந்தப் பெயரை 1905-ல் இங்கிலாந்தைச் சேர்ந்த ஸ்டார்லிங் என்ற விஞ்ஞானி வழக்கில் கொண்டு வந்தார். கிரேக்க மொழியில் அதற்குத் 'தூண்டிவிடுவது' என்று பொருள்.

பெயர் புதிது. விஷயம் பழையது. நம் ஊர் உழவர்களுக்கு அது எப்போதோ தெரியும். துள்ளித் திரியும் காளைக்குக் காயடித்தால் என்ன ஆகிறது? முரட்டுத்தனம் அடங்குகிறது. ஏருக்கும் வண்டிக்கும் பணிந்து நடக்கிறது. ஏன்? விதையில் சுரந்த ஹார்மோன் நின்றுவிட்டது. அதுதான் காரணம்.

பட்டாணி அளவு மேஸ்திரி

மூளையின் அடியில் ஒரு சுரப்பி தொங்குகிறது. பிட்யூட்டரி என்று பெயர். அளவு ஒரு பட்டாணி. எடை அரை கிராம்தான். ஆனால் அதன் அதிகாரம் பெரிது!

தைராய்டே, சுரந்து கொடு! அட்ரினலே, வேலையைப் பார்! பிள்ளையே, வளர்ந்து கொள்! தாயே, குழந்தைக்குப் பால் கொடு! இத்தனை உத்தரவும் இந்தப் பட்டாணியில் இருந்துதான் போகின்றன.

வளர்ச்சி ஹார்மோன் அளவு மீறிச் சுரந்தால் என்ன ஆகும்? அமெரிக்காவில் ராபர்ட் வாட்லோ என்று ஒருவர் இருந்தார். அவருடைய உயரம் 8 அடி 11 அங்குலம்! சிறுவயது முதலே வளர்ச்சி ஹார்மோன் மிதமிஞ்சிச் சுரந்ததே காரணம். 1940-ல் தம் 22-ம் வயதில் அவர் இறந்துபோனார். அதே ஹார்மோன் குறைந்தால் பிள்ளை வளராமல் நின்றுவிடும்.

பட்டாணிக்கும் மேலே ஓர் அதிகாரி உண்டு. மூளையின் ஒரு பகுதியான ஹைபோதலாமஸ்தான் அது. உடம்புச் சூடு, பசி, தாகம் எல்லாவற்றையும் அளந்து பார்ப்பது அதன் வேலை.

கோடை வெயிலில் சுரங்கத்தில் வேலை செய்கிறவருக்கு வியர்வை கொட்டுகிறது. உடம்பில் நீர் குறைகிறது. அதிகாரி உடனே கண்டுகொள்கிறார். சிறுநீரகத்துக்கு ஒரு ஹார்மோன் கடிதம் போகிறது. 'தண்ணீரை வீணாக்காதே. பிடித்து வை!' அதனால்தான் அப்போது சிறுநீர் குறைகிறது. மஞ்சளாகப் போகிறது. கூடவே தாகமும் எடுக்கிறது. மஞ்சள் நிறத்தைக் கண்டால் பயப்பட வேண்டாம். தண்ணீர் குடியுங்கள். தண்ணீர் குடித்த பிறகும் நிறம் மாறாவிட்டால் டாக்டரிடம் காட்டுங்கள்.

சோம்பேறி அல்ல, தைராய்டு!

கழுத்தின் முன்பக்கம் பட்டாம்பூச்சி போல ஒரு சுரப்பி இருக்கிறது. அதுதான் தைராய்டு. உடம்பின் வேகம் அதன் கையில் இருக்கிறது. அடுப்பில் தீயைக் கூட்டுவதும் குறைப்பதும் போல.

அது கூடுதலாகச் சுரந்தால் நெஞ்சு படபடக்கும். கை நடுங்கும். நன்றாகச் சாப்பிட்டும் உடம்பு இளைக்கும்.

குறைவாகச் சுரந்தால்? உடம்பு கனக்கும். குளிரும். முடி கொட்டும். மலச்சிக்கல் வரும். மாதவிலக்கு ஒழுங்கு தவறும். எவ்வளவு தூங்கினாலும் அலுப்பு தீராது.

இந்தக் குறை பெண்களுக்கே அதிகம் வருகிறது. வீட்டில் என்ன சொல்கிறார்கள்? 'சோம்பேறி' என்கிறார்கள். 'உட்கார்ந்து தின்று உடம்பை வளர்க்கிறாள்' என்கிறார்கள். இது எவ்வளவு பெரிய அநியாயம்! அந்தப் பெண்ணுக்கு வேண்டியது ஏச்சு அல்ல; ஒரு ரத்தப் பரிசோதனை.

பரிசோதனைச் சீட்டில் டி.எஸ்.எச். என்று ஒரு கணக்கு இருக்கும். அது கூடுதல் என்று வந்தால், 'தைராய்டு கூடிவிட்டது' என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் விஷயம் தலைகீழ்!

டி.எஸ்.எச். என்பது பிட்யூட்டரி மேஸ்திரியின் குரல். தொழிலாளி ஒழுங்காக வேலை செய்தால் மேஸ்திரி மெதுவாகப் பேசுவார். வேலை நடக்காவிட்டால் கத்துவார். ஆகவே டி.எஸ்.எச். ஏறினால் தைராய்டு குறைந்திருக்கிறது என்றே பெரும்பாலும் அர்த்தம்.

இதற்கு மாத்திரை உண்டு. காலையில் வெறும் வயிற்றில், தண்ணீரோடு மட்டும் விழுங்க வேண்டும். காப்பியை அரை மணி முதல் ஒரு மணி நேரம் தள்ளி வையுங்கள். காப்பியோடு சேர்த்து விழுங்கினால் மருந்து சரியாக உடம்பில் சேராது.

உப்பில் இருக்கிறது அறிவு

தைராய்டு வேலை செய்ய அயோடின் வேண்டும். எவ்வளவு? ஆயுள் முழுவதற்கும் சேர்த்து ஒரு தேக்கரண்டி அளவு கூட வேண்டாம்! ஆனால் அந்தத் துளியை அன்றாடம் கொடுக்க வேண்டும். கிடைக்காவிட்டால் கழுத்து வீங்கும். கர்ப்பிணிக்குக் கிடைக்காவிட்டால் வயிற்றுப் பிள்ளையின் மூளை வளர்ச்சியே கெடும்.

1956-ல் இமயமலை அடிவாரத்தில் காங்கிரா பள்ளத்தாக்கில் ஒரு பெரிய ஆராய்ச்சி தொடங்கியது. டாக்டர் வி.ராமலிங்கசாமி அதை நடத்தினார். சில பகுதிகளுக்கு அயோடின் கலந்த உப்பு. ஒரு பகுதிக்குச் சாதாரண உப்பு. சில ஆண்டுகளில் அயோடின் உப்பு தின்ற பகுதிகளில் கழுத்து வீக்கம் வெகுவாகக் குறைந்தது. 1962-ல் மத்திய அரசு நாடு தழுவிய திட்டம் போட்டது.

அம்மாக்களுக்கு இன்னொரு செய்தி. சில குழந்தைகள் தைராய்டு குறையோடு பிறக்கின்றன. பார்த்தால் தெரியாது. பிறந்த சில நாட்களில் குதிகாலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். உடனே மருந்து கொடுத்தால் பிள்ளை மற்ற பிள்ளைகளைப் போல வளர்ந்து படிக்கும். மாதங்கள் கழித்துக் கண்டுபிடித்தால் போன அறிவு முழுதாகத் திரும்பாது. ஆகவே பிரசவ ஆஸ்பத்திரியில் கேளுங்கள்: 'என் பிள்ளைக்குத் தைராய்டு சோதனை செய்தாயிற்றா?'

ஆபத்துக்கு ஒரு சைரன்

இரண்டு சிறுநீரகங்களின் தலையிலும் தொப்பி போல ஒவ்வொரு சுரப்பி உண்டு. அட்ரினல் என்று பெயர்.

நடந்து போகிறீர்கள். காலடியில் பாம்பு! நினைப்பதற்கு முன்பே துள்ளிக் குதித்துவிடுகிறீர்கள். அடுத்த நொடி நெஞ்சு அடித்துக்கொள்கிறது. மூச்சு வாங்குகிறது. கண் விரிகிறது. ஓடும் கால்களுக்கு ரத்தம் பாய்கிறது. கல்லீரல் சர்க்கரையை அவிழ்த்துவிடுகிறது. எல்லாம் அட்ரினலின் ஊதிய சைரன்!

அதே சுரப்பி கார்ட்டிசால் என்ற ஹார்மோனையும் தருகிறது. இது இல்லாமல் உயிர் இல்லை. இதைப் போன்ற மருந்துதான் ஸ்டீராய்டு. டாக்டர் கொடுத்தால் அது உயிர் காக்கும் மருந்து.

ஆனால் எச்சரிக்கை! பல வாரம் ஸ்டீராய்டு தின்றவர் அதைத் திடீரென்று நிறுத்தக் கூடாது. ஏன்? வெளியில் இருந்து சரக்கு வருவதைப் பார்த்து உள்ளே சுரப்பி வேலையை நிறுத்தியிருக்கும். வெளிச் சரக்கும் திடீரென்று நின்றால் உடம்பு கையறு நிலைக்கு வந்துவிடும். டாக்டர் சொன்னபடி கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும்.

மூட்டு வலிக்கு என்று பெயர் இல்லாத பொட்டலத்தில் விற்கும் 'அதிசய மருந்து'களில் ஸ்டீராய்டு கலந்திருப்பது உண்டு. ஒரே நாளில் வலி பறந்துவிட்டதா? சந்தோஷப்படாதீர்கள். சந்தேகப்படுங்கள்!

ஒரு தேக்கரண்டி சர்க்கரை

இப்போது எல்லோருக்கும் தெரிந்த நோய்க்கு வருவோம். சர்க்கரை வியாதி.

உங்கள் உடம்பில் சுமார் 5 லிட்டர் ரத்தம் ஓடுகிறது. அதில் எவ்வளவு சர்க்கரை இருக்கலாம்? சுமார் 5 கிராம். ஒரே ஒரு தேக்கரண்டி! அதிகம் கூடினாலும் ஆபத்து. அதிகம் குறைந்தாலும் ஆபத்து.

அந்தக் கணக்கைக் காப்பது கணையம். வயிற்றுக்குப் பின்னால் இருக்கிறது. சாப்பிட்டதும் அது இன்சுலின் என்ற ஹார்மோனை விடும். இன்சுலின் ஒரு சாவி. அது செல்களின் கதவைத் திறந்து சர்க்கரையை உள்ளே அனுப்பும். பட்டினி கிடந்தால் குளுகாகான் என்ற இன்னொரு ஹார்மோன் வரும். அது கல்லீரலில் சேர்த்து வைத்த சர்க்கரையை வெளியே எடுக்கும்.

சிலருக்குச் சாவியே இல்லாமல் போகிறது. இது பெரும்பாலும் சிறு வயதில் வரும். பலருக்குச் சாவி இருக்கும், பூட்டு துருப்பிடித்திருக்கும். பெரியவர்களுக்கு வருவது பெரும்பாலும் இந்த வகை.

இன்சுலின் ஊசி வருவதற்கு முன் இந்த நோய் வந்த குழந்தைகள் பிழைப்பது அரிது. கனடாவில் டொராண்டோ நகரில் 1921-ல் பாண்டிங், பெஸ்ட் என்ற இருவர் கணையத்தில் இருந்து இன்சுலினைப் பிரித்து எடுத்தார்கள். 1922 ஜனவரியில் லியோனார்டு தாம்சன் என்ற 14 வயதுப் பையனுக்கு முதல் ஊசி போட்டார்கள். அது சரிப்படவில்லை. கொலிப் என்ற விஞ்ஞானி மருந்தைச் சுத்தப்படுத்தினார். அதே மாதம் மறுபடியும் போட்டார்கள். பையன் எழுந்துவிட்டான்! மேலும் 13 ஆண்டு வாழ்ந்தான்.

அந்த மருந்தின் உரிமையை அவர்கள் எவ்வளவுக்கு விற்றார்கள் தெரியுமா? ஆளுக்கு ஒரு டாலர்!

நம் தமிழ்நாட்டுக்கும் இதில் பெருமை உண்டு. சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் 1948-ல் சர்க்கரை வியாதிக்கென்றே தனிப் பிரிவைத் தொடங்கியவர் டாக்டர் எம்.விசுவநாதன்.

ஆனால் நோய் நிற்கவில்லை. 2023-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சி மன்றத்தின் கணக்குப்படி நாட்டில் 10 கோடிக்கு மேற்பட்டவர்களுக்குச் சர்க்கரை வியாதி இருக்கிறது. நூறு பேரில் 11 பேருக்கு மேல்!

இரவு ஷிப்ட் என்ன செய்கிறது?

மூளையின் நடுவில் அரிசி அளவு ஒரு சுரப்பி உண்டு. பீனியல் என்று பெயர். இருட்டினால் அது மெலடோனின் என்ற ஹார்மோனை விடும். 'ராத்திரி வந்துவிட்டது' என்று உடம்புக்குத் தண்டோரா போடுவது அதுதான். விடியும் நேரத்தில் கார்ட்டிசால் ஏறும். 'எழுந்திரு!' என்று அது தட்டி எழுப்பும்.

இப்படி உடம்புக்குள்ளும் ஷிப்ட் நடக்கிறது. காலை ஹார்மோன் வேறு. இரவு ஹார்மோன் வேறு. 2017-ல் நோபல் பரிசு பெற்ற மூன்று அமெரிக்க விஞ்ஞானிகள் இந்த உடல் கடிகாரம் எப்படி ஓடுகிறது என்று கண்டு சொன்னவர்கள்தான்.

தொழிற்சாலையில் ஷிப்ட் மாற்ற ஒரு நோட்டீஸ் போதும். உடம்புக்கு நோட்டீஸ் ஒட்ட முடியுமா? உடல் கடிகாரம் புது நேரத்துக்குத் திரும்பப் பல நாள் பிடிக்கும். அதற்குள் அடுத்த ஷிப்ட் வந்துவிடும்!

இரவில் இன்சுலினின் வேலை மந்தமாக இருக்கும். பகலில் தின்ற அதே சாப்பாட்டை நள்ளிரவில் தின்றால் ரத்தத்தில் சர்க்கரை கூடுதலாக ஏறும். பல ஆண்டுகள் இரவு ஷிப்ட் பார்ப்பவர்களுக்குச் சர்க்கரை வியாதி வரும் வாய்ப்பு சற்று அதிகம் என்று பல நாட்டு ஆராய்ச்சிகள் சொல்கின்றன. சுரங்கம் மட்டும் அல்ல. ரயில், போலீஸ், ஆஸ்பத்திரி என்று இரவில் விழிக்கும் எல்லோருக்கும் இது பொருந்தும்.

அதற்காக வேலையை விட முடியுமா? முடியாது. யாரோ ஒருவர் விழித்திருப்பதால்தான் நம் வீட்டில் விளக்கு எரிகிறது. ஆகவே வேலையும் நடக்க வேண்டும். உடம்பும் நிலைக்க வேண்டும். அதற்கு வழி இதோ:

இரவு ஷிப்டுக்குப் போகும் முன் வயிறாரச் சாப்பிட்டுவிடுங்கள். நள்ளிரவில் பசித்தால் கொஞ்சமாகச் சாப்பிடுங்கள். வடையும் இனிப்புத் தேநீரும் நள்ளிரவுக்கு ஏற்றவை அல்ல.

வீடு திரும்பியதும் அறையை இருட்டாக்கித் தூங்குங்கள். ஜன்னலுக்குக் கெட்டித் திரை போடுங்கள். செல்போனைத் தள்ளி வையுங்கள்.

வீட்டில் உள்ளவர்கள் தொலைக்காட்சிச் சத்தத்தைக் குறையுங்கள். குழந்தைகளைச் சற்று வெளியே விளையாட விடுங்கள். பகல் தூக்கம் சோம்பல் அல்ல. அது அவருக்கு மருந்து.

30 வயது தாண்டினால் ஆண்டுக்கு ஒரு முறை சர்க்கரை பாருங்கள். வெறும் வயிற்றில் 100-க்குக் கீழே இருந்தால் நல்லது. 126 அல்லது அதற்கு மேல் இருந்தால் மறு சோதனை செய்து டாக்டரைப் பாருங்கள். அடிக்கடி சிறுநீர், அடங்காத தாகம், காரணம் இல்லாமல் இளைப்பு, ஆறாத புண் ஆகியவை இருந்தால் ஆண்டுச் சோதனை வரை காத்திருக்காதீர்கள்.

பக்கத்திலேயே பண்ருட்டி. பலாப்பழக் காலம் வந்தால் தெருவே மணக்கும்! சர்க்கரை வியாதிக்காரர் பலாவைக் கண்ணால் கூடப் பார்க்கக் கூடாதா? அப்படி இல்லை. ஒன்றிரண்டு சுளை என்று அளவோடு, டாக்டரிடம் கேட்டுச் சாப்பிடலாம். உட்கார்ந்தால் ஒரு பழம் என்றால்தான் வம்பு.

குடிகாரன் என்று ஏசாதீர்கள்!

கடைசியாக ஒன்று. இதைக் கத்தரித்துச் சுவரில் ஒட்டினாலும் தகும்.

சர்க்கரை வியாதிக்கு இன்சுலினோ சில மாத்திரைகளோ சாப்பிடுகிறவருக்குச் சில நேரம் சர்க்கரை மிகவும் இறங்கிவிடும். மருந்து போட்டுவிட்டுச் சாப்பாட்டைத் தள்ளிப்போட்டால் இப்படி ஆகும். ஷிப்ட் மாறும் நாட்களில் சாப்பாட்டு நேரம் மாறுவதால் ஆபத்து அதிகம்.

அவருக்கு வியர்க்கும். கை நடுங்கும். நெஞ்சு படபடக்கும். பேச்சு குழறும். நடை தள்ளாடும். பார்ப்பவர்கள், 'குடித்துவிட்டு வந்திருக்கிறான்' என்று ஒதுங்கிப் போவார்கள். அந்தச் சில நிமிடம் அவர் உயிரையே பறித்துவிடலாம்!

நினைவு இருந்தால் உடனே மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து கொடுங்கள். கால் மணி நேரம் கழித்தும் தெளியாவிட்டால் இன்னொரு முறை கொடுங்கள். தெளிந்ததும் சாப்பிட வையுங்கள். நினைவு இல்லை என்றால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், புரை ஏறிவிடும். ஒருக்களித்துப் படுக்க வைத்து 108-க்குப் போன் செய்யுங்கள்.

சர்க்கரை வியாதி இருப்பதை மறைக்காதீர்கள். உடன் வேலை செய்கிறவரிடம் சொல்லி வையுங்கள். சட்டைப் பையில் ஒரு சின்னப் பொட்டலம் சர்க்கரை இருக்கட்டும். ஷிப்ட் மாறும்போது மருந்து நேரத்தை எப்படி மாற்றுவது என்று டாக்டரிடம் முன்னமே கேட்டுக்கொள்ளுங்கள்.

சுரப்பி கண்ணுக்குத் தெரியாது. ஹார்மோன் கைக்கு அகப்படாது. ஆனால் அவை தவறினால் மனிதனின் நடை, பேச்சு, கோபம், அலுப்பு எல்லாமே மாறும். ஒருவர் திடீரென்று மாறிவிட்டால் அவர் குணத்தைக் குறை சொல்வதற்கு முன் ஒரு சொட்டு ரத்தத்தைச் சோதித்துப் பாருங்கள். பல குடும்பங்களின் சண்டை அதிலேயே தீர்ந்துவிடும்!